யாருடைய ஊர்? இங்கிலாந்தின் கிராமிய இசை பற்றி ஒரு நீண்ட பதிவு

இது நீளமான பதிவு. வேலைக்கு நடுவில் வாசிக்க வேண்டாம், இரவில் ஆறுதலாக வாசியுங்கள்.

இங்கிலாந்தில் வேலை செய்யும் என் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் ஒரு வீடியோவை அனுப்பி, "சேர், இதில வாற மியூசிக் என்ன?" என்று கேட்டிருந்தார். பச்சைக் குன்றுகள், செம்மறி ஆடுகள், கல் அடுக்கிக் கட்டிய வேலிகள், பழைய தேவாலயம் ஒன்று. பின்னணியில் ஒற்றை வயலின். கீழே ஆங்கிலத்தில் இருந்த வாசகத்தின் சாரம் இதுதான்: வெளியார் வந்து கெடுப்பதற்கு முன்பிருந்த எங்கள் உண்மையான இங்கிலாந்து. மாணவருக்கு இசை பிடித்துவிட்டது. வாசகம் வலித்துவிட்டது. இரண்டையும் ஒரே மனதில் எப்படி வைப்பது என்று தெரியாமல்தான் என்னிடம் கேட்டிருக்கிறார் போலும்.

அவருக்கு எழுதிய பதில் நீண்டுகொண்டே போனது. அதைக் கொஞ்சம் விரித்து எல்லோருக்குமாக இங்கே போடுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இசை பற்றி மார்க்க அறிஞர்களிடையே உள்ள கருத்து வேறுபாடு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அந்த விவாதத்துக்கு இந்தப் பதிவு இடமில்லை. கேட்பதைத் தவிர்ப்பவர்கள் தாராளமாகத் தவிர்க்கலாம். நான் எழுத வந்த விஷயம் ஊர், பூர்வீகம், யார் எந்த மண்ணுக்குச் சொந்தம் என்பது. அதற்கு ஒரு பாட்டையும் கேட்க வேண்டிய அவசியமில்லை.

அந்த வீடியோவில் இருந்தது 'வானம்பாடி மேலெழுகிறது' என்ற ஆக்கம். இயற்றியவர் வோன் வில்லியம்ஸ். முதற்பெயரை ரால்ஃப் என்று எழுதி ரேஃப் என்று உச்சரிக்க வேண்டும். ஆங்கிலம் படிப்பிக்கிறவன் படும் பாடு இதுதான். 1914இல் எழுதத் தொடங்கினார். யுத்தம் வந்தது. 1920இல் திருத்தி முடித்தார். அந்த ஆண்டு டிசம்பரில் பிரிஸ்டல் நகருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பொது மண்டபத்தில் வயலினும் பியானோவுமாக முதல் தடவை வாசிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு லண்டனில் முழு வாத்தியக் குழுவுடன் அரங்கேறியது. மொத்தம் ஏறத்தாழ கால் மணி நேரம்தான். இங்கிலாந்தின் வானொலி நேயர்கள் தங்களுக்கு மிகப் பிடித்த ஆக்கம் என்று இதைப் பல ஆண்டுகள் முதலிடத்துக்குத் தெரிவு செய்திருக்கிறார்கள்.

அந்த வயலின் என்ன செய்கிறது என்பதைச் சொல்கிறேன். மற்ற வாத்தியங்கள் தாழ்ந்த குரலில் ஒரே இடத்தில் நிற்கின்றன. அதற்கு மேலே வயலின் மட்டும், தாளக் கட்டு எதுவுமில்லாமல், ஐந்து சுரங்களுக்குள் சுற்றிச் சுற்றி ஏறுகிறது. கர்நாடக சங்கீதம் பழகியவர்கள் மோகனத்துக்கு இது உறவு என்பார்கள். நடுவில் கீழே ஒரு கிராமியப் பாட்டுப் போன்ற மெட்டு வருகிறது, மனிதர்கள் நடமாடுவது போல. கடைசியில் எல்லா வாத்தியங்களும் ஓய்ந்துவிட, வயலின் தனியே மேலே போய் மெலிந்து இல்லாமலாகிறது. பறவை கண்ணுக்கு மறைந்த பிறகும் குரல் கொஞ்ச நேரம் கேட்குமே, அப்படி. நம் கரையோர வெளிகளிலும் வானம்பாடி இருக்கிறது. வேறு இனம், ஆனால் பழக்கம் ஒன்றுதான். புல்லிலிருந்து நேரே மேலே கிளம்பி, ஒரே இடத்தில் சிறகடித்து நின்று பாடும். ஆடு மாடு மேய்த்த நம்மூர் ஆட்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

ஏறத்தாழ 1900 முதல் 1950 வரை இப்படியான இசையை எழுதியவர்கள் ஒரு கூட்டம் இருந்தார்கள். வயல், ஆறு, குன்று, மாலை நேரம் இவைதான் பொருள். மெட்டுகள் பழைய நாட்டார் பாடல்களின் சாயலில் இருக்கும். அந்தப் பாடல்கள் பலவற்றின் சுர அமைப்பு வழக்கமான ஐரோப்பிய இசையினது அல்ல, அதைவிடப் பழையது. அதில் ஒன்று நம் பக்கத்துக் கரகரப்பிரியாவின் அதே சுரங்களைக் கொண்டது. அதனால்தான் மேற்கத்திய இசை என்றாலே ஒதுங்குகிற காதுகூட இதில் ஏதோ தெரிந்த ஒன்றைக் கேட்கிறது.

இப்போது அந்த வீடியோக்காரரின் 'உண்மையான இங்கிலாந்து'க்கு வருவோம். இந்த இசையை எழுதியவர்கள் யார் யார்?

டீலியஸ். வசந்தத்தின் முதல் குயிலைக் கேட்டது பற்றி 1912இல் அவர் எழுதிய சிறு ஆக்கம், ஆங்கிலக் கிராமம் என்றாலே எடுத்துப் போடுகிற ஒன்று. அவருடைய பெற்றோர் கம்பளி வியாபாரத்துக்காக இங்கிலாந்துக்கு வந்து பிராட்ஃபோர்டில் குடியேறிய ஜெர்மானியர்கள். அவர் 1890களின் இறுதியிலிருந்து சாகும் வரை வாழ்ந்தது பிரான்சில் ஒரு கிராமத்தில். அந்தக் குயில் ஆக்கத்துக்குள் இருக்கும் நாட்டார் மெட்டு நோர்வே நாட்டினுடையது. முதல் அரங்கேற்றம் ஜெர்மனியின் லைப்சிக் நகரில். ஆக, ஜெர்மானியரின் மகன், பிரான்சில் இருந்துகொண்டு, நோர்வே மெட்டை எடுத்து, ஜெர்மனியில் அரங்கேற்றிய ஒன்றுதான் இங்கிலாந்தின் வசந்தம்!

ஹோல்ஸ்ட். இவர் என் கட்சி, அதாவது பாடசாலை ஆசிரியர். லண்டனில் ஒரு பெண்கள் பாடசாலையில் 1905 முதல் 1934இல் இறக்கும் வரை இசை கற்பித்தார். புகழ்பெற்ற 'கிரகங்கள்' ஆக்கத்தின் பெரும்பகுதியை வார இறுதிகளில் அதே பாடசாலையின் இசை அறையில் இருந்துதான் எழுதினார். லீவு நாளில் பாடசாலைக்குப் போகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இதைக் கவனத்தில் எடுக்கவும். இவருடைய முப்பாட்டனார் பால்டிக் கரையில் உள்ள ரீகா நகரத்தவர். குடும்பப் பெயர் 'ஃபொன் ஹோல்ஸ்ட்'. 1914இல் யுத்தம் தொடங்கியபோது எசெக்ஸில் தாக்ஸ்டெட் என்ற கிராமத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார். ஜெர்மன் பெயர் வைத்த ஒரு மனிதர் சுற்றுவட்டாரமெல்லாம் நடந்து திரிகிறார், ஆட்களிடம் விபரம் கேட்கிறார் என்று ஊரில் சந்தேகம் கிளம்பி, பொலிஸ் விசாரணை வரை போனது. ஒன்றும் இல்லை என்று முடிந்தது. 1918இல் அவர் பெயரிலிருந்து அந்த 'ஃபொன்'ஐ வெட்டிவிட்டார். பெயரைக் கேட்டதும் எதிரில் இருப்பவரின் பார்வை மாறுவது எப்படியிருக்கும் என்று 2019க்குப் பிறகு நம்மில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

இதே ஹோல்ஸ்ட் 1908இல் அல்ஜீரியாவுக்குப் போய்ப் பாலைவனத்தில் சைக்கிள் ஓடியிருக்கிறார். அங்கே தெருவில் ஒருவர் புல்லாங்குழலில் ஒரே சிறு மெட்டைத் திரும்பத் திரும்ப வாசிப்பதைக் கேட்டார். பிறகு 'பெனி மோரா' என்ற ஆக்கத்தில் அந்த மெட்டை நூற்றுக்கும் மேற்பட்ட தடவைகள் அப்படியே வர வைத்தார். ஒரு முஸ்லிம் ஊரின் தெருவை அவருடைய காது அவ்வளவு கவனமாகக் கேட்டிருக்கிறது. ஆங்கிலக் கிராமத்தைக் கேட்டதும் அதே காதுதான்.

ஃபின்ஸி. 1901இல் லண்டனில் பிறந்தவர். இத்தாலியிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்த யூதக் குடும்ப வழி. எட்டு வயது நிறைவதற்கு முன் தந்தை மௌத். பிறகு மூன்று சகோதரர்களும் இறந்தார்கள். இசை கற்பித்த ஆசிரியர் 1918இல் யுத்தத்தில் கொல்லப்பட்டார். இவர் வளர்ந்து, ஹாம்ப்ஷயரில் ஒரு குன்றின் மேல் வீடு கட்டி, பின்னால் ஆப்பிள் தோட்டம் வைத்தார். அழிந்துகொண்டிருந்த பழைய ஆங்கில ஆப்பிள் இனங்களைத் தேடித் தேடி நட்டார். இரண்டாம் யுத்தத்தில் ஜெர்மனியிலிருந்தும் செக் நாட்டிலிருந்தும் வந்த அகதிகளுக்கு அந்த வீட்டில் இடம் கொடுத்தார். வீடியோவில் எழுதிய அந்த மனிதர் தன் பாட்டன் காலத்து ஆப்பிளின் பெயர் ஒன்றாவது சொல்வாரா என்று நான் யோசித்துப் பார்த்தேன். ஃபின்ஸிக்குத் தெரிந்திருந்தது. காப்பாற்றியும் வைத்தார்.

இனி, எல்லோரும் வெளியிலிருந்து வந்தவர்கள் என்று சொல்ல முடியாது. வோன் வில்லியம்ஸ் ஒரு பாதிரியாரின் மகன், பழைய வசதியான ஆங்கிலக் குடும்பம். பட்டர்வேர்த்தும் அப்படித்தான். ஆனால் அவர்களுக்கும் அந்தக் கிராமம் பிறப்பிலேயே கையில் கிடைத்துவிடவில்லை. போய்த் தேடித்தான் எடுத்தார்கள்.

1903 டிசம்பரில் வோன் வில்லியம்ஸ் எசெக்ஸில் இங்ரேவ் என்ற கிராமத்துக்குப் போயிருந்தார். முதியவர்களுக்கு ஒரு தேநீர் விருந்து. அங்கே பொட்டிஃபர் என்ற எழுபது வயது தாண்டிய கூலித் தொழிலாளி தனக்குப் பழைய பாட்டுகள் தெரியும் என்றார். ஆனால் அந்த இடத்தில் பாட மறுத்துவிட்டார். மறுநாள் வோன் வில்லியம்ஸ் அவருடைய வீட்டுக்கே போனார். கிழவர் பாடினார். இவருக்கு ஏதோ முன்பே தெரிந்திருந்த ஒன்றைத் திரும்பக் கேட்பது போல இருந்தது. அதன்பின் பத்து வருடமாக வயற்கரை, மீன்பிடிக் குடியிருப்பு, மதுக்கடை, அநாதை முதியோர் விடுதி என்று அலைந்து எண்ணூறுக்கும் மேற்பட்ட பாடல்களைக் குறித்து எடுத்தார்.

ஏன் அந்த அவசரம்? பாடுகிறவர்கள் கிழவர்கள். பிள்ளைகள் பாடவில்லை, ஏனென்றால் பிள்ளைகள் கிராமத்திலேயே இல்லை. 1851 குடிசன மதிப்பீட்டிலேயே இங்கிலாந்து மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் நகரவாசிகளாகிவிட்டார்கள். அவர்கள் விரும்பி மட்டும் போகவில்லை. ஊருக்குப் பொதுவாக இருந்த மேய்ச்சல் நிலத்தையும் விறகுக் காட்டையும் வேலி போட்டுத் தனியார் சொத்தாக்க, 1604 முதல் 1914 வரை பாராளுமன்றம் 5,200க்கும் மேற்பட்ட சட்டங்களை இயற்றியது. நிலத்தின் அளவு ஏறக்குறைய 68 இலட்சம் ஏக்கர். இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒன்றுக்கும் சற்று அதிகம். நம்முடைய 1840ஆம் ஆண்டு 12ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டம் நினைவு வருகிறதா? உறுதி காட்ட முடியாத காடும் சேனையும் தரிசும் அரசுக்குச் சொந்தம் என்றது அது. இங்கே அதைச் செய்தது ஆங்கிலேயர் என்று நாம் படிப்பிக்கிறோம். அவர்கள் தங்கள் சொந்த நாட்டின் ஏழைகளுக்கும் அதையேதான் செய்தார்கள் என்று யாரும் நமக்குப் படிப்பிக்கவில்லை.

ஆகவே இந்த இசைக்குள் கேட்கும் கிராமம், அதை எழுதிய நேரத்திலேயே பாதி போய்விட்ட கிராமம். நம்மவர்கள் 'அந்தக் காலத்தில ஊர்' என்று கதைக்கும்போது குரலில் ஒரு இழுவை வருமே, அந்த இழுவைதான் இதில் இருக்கிறது.

இதை எதிர்த்தவர்களும் உண்டு. அவர்களுடைய பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். லட்யன்ஸ் என்ற பெண் இசையமைப்பாளர் இதை 'மாட்டுச் சாண இசை' என்று நக்கலடித்தார். இன்னொருவர், வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கும் மாடு போல இருக்கிறது என்றார். இதைவிடக் கனமான குற்றச்சாட்டு ஒன்றும் உண்டு: வயலில் முதுகு முறிந்தவர்களின் வறுமை இந்த இசையில் எங்கே? பாடல் சேகரித்த சிலர் ஆபாசம் என்று நினைத்த வரிகளை மாற்றினார்கள். தொழிற்சாலைப் பாடல்களைப் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை. பொட்டிஃபர் கிழவரின் கூலி உயரவில்லை, அவருடைய பாட்டு மட்டும் கச்சேரி மண்டபத்துக்குப் போனது. இந்தக் குற்றச்சாட்டில் பாதிக்கு மேல் நியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன். அழகான ஊர்ப் படம் வரைகிற எல்லோரிடமும், நம்மூர்க் கவிஞர்களிடமும் சேர்த்து, கேட்க வேண்டிய கேள்வி இது.

ஆனால் 'சுகமான பட்டணத்துக்காரரின் கற்பனை' என்று முற்றாகத் தள்ளிவிட முடியாதபடி நடுவில் ஒரு யுத்தம் நிற்கிறது.

வோன் வில்லியம்ஸுக்கு 1914இல் 41 வயது, சில வாரங்களில் 42. யாரும் கூப்பிடாத வயது. தானாகப் போய்ச் சாதாரணச் சிப்பாயாக மருத்துவப் படையில் சேர்ந்தார். 1916இல் பிரான்சின் வட பகுதியில், இரவுகளில் அம்புலன்ஸ் வண்டியில் முன்னரங்குக்குப் போய்க் காயப்பட்டவர்களை ஏற்றி வருவது வேலை. அந்த இடத்தில் ஒரு குன்றின் மேலிருந்து பார்த்தால் அஸ்தமன நேரத்தில் வெளி ஓவியம் போல இருக்குமாம். அங்கேயிருந்துதான் 'கிராமியச் சிம்பொனி' மனதில் தொடங்கியது. 1922 ஜனவரியில் அது லண்டனில் அரங்கேறியபோது கேட்டவர்கள் ஆங்கில வயல்வெளி என்றே எடுத்துக்கொண்டார்கள். மாட்டு நக்கல் வந்ததும் இதற்குத்தான். அவர் பல வருடம் ஒன்றும் சொல்லவில்லை. 1938இல் ஒரு கடிதத்தில்தான், பலரும் நினைப்பது போல அது துள்ளும் ஆட்டுக்குட்டிகள் பற்றியதல்ல, யுத்த கால இசை என்று எழுதினார்.

அது தெரிந்த பிறகு இரண்டாம் பகுதியைக் கேட்டுப் பாருங்கள். நடுவில் ஒற்றை ட்ரம்பெட் வரும். இராணுவ முகாமில் பியூகிள் ஊதிப் பழகிய சிப்பாய் ஒருவன் மேல் சுரத்தை எட்ட முடியாமல் ஒரு படி கீழே நின்றுவிடுவதை அவர் கேட்டிருந்தார். அந்தத் தவறிய சுரத்தை அப்படியே எழுதி வைத்தார். கடைசிப் பகுதியில் ஒரு பெண் குரல் தூரத்திலிருந்து பாடுகிறது. சொற்கள் கிடையாது. ஜனாஸா வீட்டில் உள்ளறையிலிருந்து சொல்லில்லாமல் ஒரு குரல் கேட்குமே, எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாத இரண்டு உலகம் என்பீர்கள். இருக்கலாம்.

பட்டர்வேர்த் அவருடைய நெருங்கிய நண்பர். சசெக்ஸ் கிராமங்களில் பாட்டுச் சேகரித்தவர். 1913 ஒக்டோபரில் அவருடைய 'ஷ்ரொப்ஷயர் இளைஞன்' ஆக்கத்தை லீட்ஸ் நகரில் நிக்கிஷ் நடத்தினார். நிக்கிஷ் ஹங்கேரியில் பிறந்து ஜெர்மனியில் பெரும் பதவியில் இருந்தவர். டீலியஸின் குயிலை லைப்சிக்கில் நடத்தியவரும் அவரே, அதே மாதத்தில். பத்து மாதம் கழித்து இரு நாடும் யுத்தத்தில். பட்டர்வேர்த் பிரான்சுக்குப் புறப்படுமுன் தனக்குத் திருப்தி தராத கையெழுத்துப் பிரதிகளை அழித்துவிட்டுப் போனார். 1916 ஆகஸ்ட் 5இல் சொம் போர்க்களத்தில் சுடப்பட்டு இறந்தார். வயது 31. மையித்து பிறகு கிடைக்கவில்லை. தியெப்வால் நினைவுச் சின்னத்தில் 72,000க்கும் மேற்பட்ட காணாமற்போனவர்களின் பெயர்களோடு அவர் பெயரும் இருக்கிறது.

அவருடைய அந்த ஆக்கத்துக்கு அடிப்படை ஹவுஸ்மனின் 1896ஆம் ஆண்டுக் கவிதை நூல். அதையும் பாருங்கள்: ஹவுஸ்மன் ஷ்ரொப்ஷயரில் பிறந்தவரல்ல, பக்கத்து மாவட்டத்துக்காரர். சிறு வயதில் ஷ்ரொப்ஷயர் குன்றுகள் அவருக்கு மேற்கே, சூரியன் மறையும் பக்கத்தில், தூரத்தில் தெரிந்தவை. நூலின் பெரும்பகுதியை எழுதியது லண்டனில். ஒரு கிராமத் தேவாலயத்துக்குக் கூர்ங்கோபுரம் இருப்பதாகப் பாடினார். உண்மையில் அங்கே அப்படியொரு கோபுரம் கிடையாது. ஆனால் யுத்தத்துக்குப் போன எத்தனையோ இளைஞர்கள் அந்த நூலைச் சட்டைப் பையில் வைத்திருந்தார்கள். இல்லாத கோபுரத்துக்கு ஏங்கினார்கள் என்று நாம் சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கேர்னியின் கதைதான் எனக்கு இதில் எல்லாவற்றிலும் பெரியது. 1890இல் குளொஸ்டர் நகரில் ஒரு தையற்காரரின் மகனாகப் பிறந்தவர். கவிதையும் எழுதினார், இசையும் எழுதினார். அந்த மாவட்டத்தின் குன்றுகளிலும் செவர்ன் ஆற்றங்கரையிலும் இரவு பகலாக நடந்து திரிந்தவர். 1917இல் முதலில் குண்டடி, பிறகு நச்சு வாயு. பதுங்கு குழிக்குள் இருந்துகொண்டே, தன் ஊர் நண்பர் ஒருவர் குளொஸ்டர்ஷயர் குன்றுகளை நினைத்து எழுதிய கவிதைக்கு இசை அமைத்தார். யுத்தம் முடிந்து வந்தவரின் மனநிலை தேறவில்லை. 1922இல் மனநோய் விடுதியில் சேர்த்தார்கள். பிறகு லண்டனுக்கு அப்பால் டார்ட்ஃபோர்ட் விடுதி. 1937இல் காசநோயில் இறக்கும் வரை, பதினைந்து வருடம், அந்தக் குன்றுகளைத் திரும்பப் பார்க்காமல்.

1930களின் தொடக்கத்தில் ஹெலன் தொமஸ் என்ற பெண்மணி அவரைப் பார்க்கப் போனார். அவருடைய கணவர் எட்வர்ட் தொமஸ், கேர்னி மிகவும் நேசித்த கவிஞர், 1917இல் அராஸ் போரில் கொல்லப்பட்டவர். ஒரு தடவை போகும்போது கணவர் நடைப் பயணங்களுக்குப் பயன்படுத்திய குளொஸ்டர்ஷயர் நில அளவை வரைபடங்களை எடுத்துப் போனார். கட்டிலில் அவற்றை விரித்தார். கேர்னி விரலை வைத்து நடக்கத் தொடங்கினார். இந்த ஒழுங்கை, இந்தக் கடவை, இந்தக் குன்றேற்றம், இங்கே திரும்பினால் இந்தக் காடு. அவருடைய விரல் போன பாதையில் ஹெலனின் விரலும் போனது. புத்தி பேதலித்தவர் என்று பூட்டி வைத்திருந்த மனிதர் ஒரு ஒழுங்கையைக்கூட மறக்கவில்லை.

1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் உறவுகளோடு புத்தளத்தில் இருந்து கதைத்தவர்களுக்கு இது புதிய காட்சியல்ல. தரையில் ஈர்க்குச்சியால் கோடு கீறி, இது பள்ளி, இது கிணறு, இது எங்கட வளவு, இதால போனா கடற்கரை என்று காட்டிய மூத்தவர்களை நானும் பார்த்திருக்கிறேன். உறுதி தொலைந்தவர்கள் உண்டு. ஒழுங்கையைத் தொலைத்தவர் ஒருவரையும் நான் காணவில்லை.

இப்போது என் மாணவருக்கும் உங்களுக்கும் என் அபிப்பிராயம்.

அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு 'அது அவங்கட பாட்டு, எங்களுக்கு எதுக்கு' என்று தள்ளிவிடுவது, அதை எழுதிய ஆள் விரும்பியதையே செய்து கொடுப்பதாகும். இந்த இசை அவருடைய தனிச் சொத்து அல்ல. அதற்குப் பங்காளிகள் ஜெர்மன் வியாபாரியின் மகன், ரீகாக்காரரின் பேரன் வழி, யூத வீட்டுப் பிள்ளை, எழுத வாசிக்க வசதியில்லாத கூலிக் கிழவர்கள், பைத்தியம் என்று பூட்டப்பட்ட தையற்காரர் மகன். லண்டனில் பிள்ளை வளர்க்கும் நம்மவர்கள் அந்தக் குன்றுகளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடக்க வேண்டும். அங்குள்ள மரம், பறவை, ஆற்றின் பெயர்களைப் பிள்ளைகள் அறிய வேண்டும். ஃபின்ஸிக்கு ஆகுமென்றால் ஃபாத்திமாவுக்கும் ஆகும்.

இரண்டாவது, நமக்கு. இந்த நாட்டில் 'நீங்கள் எங்கேயிருந்து வந்தவர்கள்' என்ற கேள்வி வரும்போதெல்லாம் நாம் ஒரே பதிலைத்தான் தூக்குகிறோம்: அரபு வணிகர், கல்வெட்டு, ஆயிரம் வருடம். அந்த வரலாறு தேவை, ஆராய்ச்சியாளர்கள் செய்யட்டும். ஆனால் பூர்வீகத்தின் வயதைக் காட்டினால் வாய் அடைபடும் என்று நினைப்பது வீண். கேட்பவர் இரண்டாயிரம் என்பார். அந்தப் போட்டிக்கு முடிவில்லை. அதில் நாம் செலவழித்த நேரத்தில் நம் ஊரையே கவனிக்காமல் விட்டுவிட்டோம். என் வகுப்பில் அரபு வணிகர் வந்த வழியைத் தேசப்படத்தில் சரியாகக் காட்டும் பிள்ளைகளுக்கு, பாடசாலைக்குப் பின்னால் உள்ள வயல்வட்டையின் பெயர் தெரியவில்லை. வட்டைக்குப் பெயர் இருக்கிறது என்பதே தெரியவில்லை.

கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் பாடல்களை முத்துமீரான் போன்றவர்கள் தேடித் தொகுத்தார்கள். நிந்தவூரில் ஒரு மனிதர் தன் பாட்டுக்குச் செய்த வேலை அது. எத்தனை ஊர்களில் அதற்குப் பிறகு யார் செய்தார்கள்? வயலில் பாடிய கவி, பிள்ளை தூங்கப் பாடிய தாலாட்டு, கரைவலை இழுக்கும்போது பாடிய அம்பா, கலியாண வீட்டுக் குரவை. இவற்றில் சிலதை இன்று பாடக்கூடாது என்று சொல்பவர்களும் உண்டு. பாட வேண்டாம், சரி. எழுதியாவது வையுங்கள். எந்தக் குளம் எந்தக் கவியில் வருகிறது, எந்தப் பறவை, எந்த நெல் என்பதெல்லாம் அதற்குள்தான் கிடக்கிறது.

வானம்பாடிக்கும் ஒரு சேதி. 1970களுக்குப் பிறகு இங்கிலாந்தில் அதன் எண்ணிக்கை பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. வசந்தத்தில் விதைத்த தானியத்தை இலையுதிர் காலத்துக்கு மாற்றியதில், கூடு கட்டும் நேரத்தில் பயிர் உயர்ந்து அடர்ந்துவிடுகிறது. பறவைக்கு இடமில்லை. இதைச் செய்தவர்கள் வெளியார் யாருமல்லர், அந்தக் குன்றுகளிலேயே காணி வைத்திருந்தவர்கள். வெளியார் வந்து கெடுத்தார்கள் என்று எழுதியவருக்கு என் மாணவர் இதைப் பதிலாகப் போடலாம்.

நம் வயல்களில் எது எப்போது நின்று போனது என்ற கணக்கு யாரிடம் இருக்கிறது? எண்ணெய் அடிக்கத் தொடங்கிய பிறகு எந்தக் குருவி வரவில்லை என்று எண்பது வயது போடியார்மாருக்குத் தெரியும். இன்னும் ஐந்து வருடத்தில் அதைக் கேட்க ஆளிருக்காது.

அடுத்த தவணை லீவில் 10ஆம், 11ஆம் ஆண்டுப் பிள்ளைகள் பத்துப் பேரைச் சேர்த்து வீடு வீடாகப் போகலாம் என்று இருக்கிறேன். கையில் போன் போதும். பொட்டிஃபர் கிழவரைப் போல விருந்தில் பாட வெட்கப்படுபவர்களை மறுநாள் வீட்டில் போய்ப் பார்ப்போம். உங்கள் மூத்தம்மாவுக்கோ மாமிக்கோ ஒரு கவி, ஒரு தாலாட்டு, இரண்டு வரியாவது தெரியுமென்றால் இன்பொக்ஸில் எனக்கு எழுதுங்கள். வட்டைப் பெயர்கள் தெரிந்தவர்கள் அதைக் கீழே கொமெண்டில் போடுங்கள், எந்தப் பக்கம், எந்த வாய்க்காலுக்கு அருகில் என்ற விபரத்தோடு. பெயர் இரண்டு விதமாகச் சொல்லப்பட்டால் சண்டை வேண்டாம், இரண்டையும் போடுங்கள்.